வெயில் பட்டால் சிவக்கும் தோல்: களிம்பு போடுவது எப்படி?

எனக்கு வந்தது முன்கையிலும் காலர் மூடாத கழுத்திலும். சித்திரை வெயிலில் வண்டியில் கிண்டி வரை போய் வந்தால் போதும், சாயங்காலம் சிவந்து தடித்து அரிக்கும். சட்டைக்குள் ஒன்றும் இருக்காது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நிற்கும்.

முதல் வேலை, தோல் மருத்துவரிடம் போவது. வெயில் அலர்ஜி, லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய்), காலி மனையில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியத்தால் வரும் ஒவ்வாமை எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். சில பி.பி. மாத்திரைகளும் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். சாப்பிடும் மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டு போங்கள். ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைகளில் தோல் பிரிவு உண்டு.

நான் அதைச் செய்யாமல் மெடிக்கல் ஷாப்பில் ஒரு டியூப் வாங்கினேன். இரண்டே நாளில் அரிப்பு போனது. மூன்று மாதம் தடவினேன். கழுத்துத் தோல் மெலிந்து சிவப்பு ரத்தக் குழாய்கள் இழை இழையாகத் தெரிந்தன. நிறுத்தியதும் இரட்டிப்பாக வந்தது. உள்ளே இருந்தது வீரியமான ஸ்டீராய்டு. முகம், கழுத்துக்கு வீரியம் குறைந்ததை, மருத்துவர் சொன்ன நாள்வரைதான் போடலாம்.

அடுத்தது அளவு. சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை டியூபைப் பிதுக்குங்கள். பெரியவர்களுக்கு அது சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். வெதுவெதுப்பான நீரில் கழுவி, துண்டால் ஒற்றியெடுத்து, நன்றாகக் காய்ந்தபின் மெல்லப் பரப்புங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

ஸ்டீராய்டை நிறுத்தியபின் மருத்துவர், ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு எழுதித் தரலாம். இது தோலை மெலிய வைக்காது. ஆனால் முதல் சில நாள் மிளகாய் நறுக்கிய கையால் தொட்டது போல எரியும். பலர் இங்கேதான் பயந்து விட்டுவிடுகிறார்கள்; பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். ஈரத் தோலில் போட்டால் இன்னும் எரியும்.

காலையில் மருந்து ஊறியபின் சன்ஸ்கிரீன்: எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் அளவு) 30-க்குக் குறையாமல், புற ஊதா ஏ கதிரையும் தடுப்பதாக. நம்மூர் வியர்வையில் அது நிற்காது. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போடுங்கள். காருக்குள் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள், பக்கக் கண்ணாடி ஏ கதிரை ஓரளவு உள்ளே விடும். என் கணக்கில் முழுக்கைச் சட்டைதான் எந்த டியூபையும்விட மலிவு.

சீழ், காய்ச்சல், மூட்டு வலி, வாய்ப்புண் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.