கலவரம் நடக்கும் நாட்டுக்கு டிக்கெட் போடும் முன்: ஒரு தாள் கணக்கு

மன்னார்குடிப் பக்கம் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார். போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பி வந்து நின்றான். "அண்ணே, ஈராக்ல வேலை. போலாமா?"

"ஈராக்ல எந்த ஊர்?"

தெரியவில்லை. ஏஜென்ட் சொல்லவில்லையாம். அன்று ராத்திரி அவனோடு உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. தாளின் தலையில் ஊர்ப் பெயர்

நாட்டின் பெயர் போதாது. 2014 ஜூனில் ஐ.எஸ். தீவிரவாதப் படை ஈராக்கின் மோசுல் நகரைப் பிடித்தது. அங்கே கட்டுமான வேலையில் இருந்த இந்தியர்களில் 39 பேரைக் கடத்திக் கொன்றார்கள். அது உறுதியானதே 2018 மார்ச்சில்தான். அதே சமயம் திக்ரித்தில் சிக்கிய 46 நர்சுகள் ஐ.எஸ். கைக்குப் போகாத எர்பில் நகரின் விமான நிலையம் வழியாக உயிரோடு ஊர் திரும்பினார்கள். மோசுலுக்கும் எர்பிலுக்கும் இடையே நூறு கிலோமீட்டர்கூட இல்லை; தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகிற தூரம். ஊர்ப் பெயருக்குக் கீழே, வேலை இடத்திலிருந்து விமான நிலையம் எவ்வளவு தூரம், நடுவில் எந்தெந்த ஊர்கள் என்று எழுதுங்கள்.

2. எச்சரிக்கைகளைப் படிப்பது

அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் தளத்தை முதலில் பாருங்கள். அப்புறம் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயண எச்சரிக்கை. அதில் 4 நிலைகள் உண்டு. நான்காவது என்றால் போகவே வேண்டாம் என்று பொருள். எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். கீழே காரணம் எழுதியிருப்பார்கள்: கடத்தலா, குண்டுவெடிப்பா, ஊர்வலமா? அதுதான் முக்கியம். தேதியையும் பாருங்கள். நம் தூதரகம் அங்கே இயங்குகிறதா என்பதும் இதே வேலையில் தெரிந்துவிடும்.

3. நாள்காட்டி

இதை டெல்டாக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டூர் நீர்மட்டம் பார்க்காமல் யார் குறுவைக்கு நாற்று விடுகிறார்கள்? 2016 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். 5-ம் தேதி, காவிரியில் தமிழ்நாட்டுக்குப் பத்து நாளைக்கு வினாடிக்கு 15,000 கன அடி திறக்கச் சொல்லி கர்நாடகத்துக்கு உச்ச நீதிமன்ற உத்தரவு. 9-ம் தேதி கர்நாடகத்தில் பந்த். 12-ம் தேதி பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பேருந்துகள் எரிந்தன. புகை கிளம்பி ஒரு வாரம் கழித்துத்தான் தீ. எந்த நாட்டிலும் இப்படித்தான் பெரும்பாலும் நடக்கும். தேர்தல் நாள், முடிவு வரும் நாள், தீர்ப்பு நாள், பழைய கலவரத்தின் நினைவு நாள் இவற்றைத் தாளில் குறியுங்கள். அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்துக்குப் பயணம் வைக்காதீர்கள்.

4. திரும்பி வர இரண்டு வழி

என்னைக் கேட்டால், மற்றதெல்லாம் விட்டுப்போனாலும் இதை விடக் கூடாது. 2023 ஏப்ரல் 15-ல் சூடானில் சண்டை தொடங்கிய முதல் நாளே கார்ட்டூம் விமான நிலையம் போர்க்களமாகிவிட்டது. டிக்கெட் கையில் இருந்தும் பயனில்லை. நம்மவர்களை மீட்க இந்திய அரசு நடத்திய பணிக்கு ஆபரேஷன் காவேரி என்று நம் ஆற்றின் பெயரையே வைத்தார்கள். கார்ட்டூமிலிருந்து 800 கிலோமீட்டருக்கு மேல் சாலையில் போய், போர்ட் சூடான் துறைமுகத்தில் கடற்படைக் கப்பல் ஏறி, செங்கடல் தாண்டி ஜெத்தா, அங்கிருந்து இந்தியா. முதல் கப்பல் 278 பேரோடு கிளம்பியது ஏப்ரல் 25-ல்.

பத்து நாள்! அதனால் தாளில் விமானம் என்ற வழியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, துறைமுகமோ தரைவழி எல்லையோ இருக்கிறதா என்று எழுதுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் அந்த வேலையை மறுத்துவிடுவது நல்லது. இருந்தால், பத்து நாளைக்குத் தண்ணீர், சாப்பாடு, மருந்து, கொஞ்சம் டாலர் நோட்டு, ஆஃப்லைன் வரைபடம் எப்போதும் அறையில் இருக்க வேண்டும்.

5. காகிதம்

"விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தாய்லாந்தில் வேலை என்று சொல்லி மியான்மரின் மியாவாடியில் ஆன்லைன் மோசடிக் கும்பல்களின் வளாகங்களுக்குள் தமிழ்ப் பையன்களைத் தள்ளிய கதை 2022-லேயே வெளிவந்துவிட்டது. பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டுக்கு 18 நாடுகளில் வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி (எமிக்ரேஷன் கிளியரன்ஸ்) தேவை. ஈராக், சூடான், ஏமன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இமைக்ரேட் (eMigrate) தளத்தில் தேடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் போர் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும், அந்தப் பொடி எழுத்தையும் படியுங்கள்.

6. எப்போது கிளம்புவது

இதை இங்கேயே, வீட்டில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். அங்கே போனபின் சம்பளம் கண்ணை மறைக்கும். விமான நிலையம் ஒரு நாள் மூடினால், ஏடிஎம்மில் பணம் வராவிட்டால், கம்பெனி மேலாளர்கள் குடும்பத்தை ஊருக்கு அனுப்ப ஆரம்பித்தால் கிளம்பு. தாளின் ஒரு நகல் அம்மாவிடமோ மனைவியிடமோ இருக்கட்டும். அவர்கள் "வா" என்றால் வாதாடக் கூடாது.

தம்பி ஏஜென்டுக்கு போன் போட்டு ஊர்ப் பெயர் கேட்டிருக்கிறான். "போனதும் தெரியும்" என்றாராம். தாளின் முதல் வரி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. பாஸ்போர்ட்டும் பீரோவிலேயே இருக்கிறது.