பள்ளி விட்டதும் பிள்ளையை எங்கே விடுவது?

முதலில் கணக்குப் போட வேண்டியது கட்டணத்தை அல்ல, நேரத்தை. பள்ளி 3:30க்கு விடுகிறது, நீங்கள் வர 6:30 ஆகும் என்றால், வேலை இழுத்துவிடும் நாளுக்காக இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். காப்பகம் என்றால் சொல்லாமல் கொள்ளாமல் மாலை 5 மணிக்குப் போய்ப் பாருங்கள். காலையில் எல்லா இடமும் பளிச்சென்றுதான் இருக்கும். பிள்ளை உள்ளே தாழ் போட்டுக்கொண்டால் கழிவறைக் கதவை வெளியிலிருந்து திறக்க முடியுமா, தெரியாத ஆள் வந்து கூப்பிட்டால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள், தயங்கினால் வேறு இடம் பாருங்கள். தாத்தா பாட்டி இருந்தால் நல்லதுதான், ஆனால் 6 வயதுப் பிள்ளையின் பின்னால் தினமும் ஓட அவர்கள் முழங்கால் ஒத்துழைக்குமா? வீட்டுக்கே ஆள் வைத்தால், அவர் லீவு போடும் நாளுக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். அப்புறம், டியூஷனைக் காப்பகமாக்காதீர்கள், பிள்ளை பாவம்.