கவிழ்த்த மீன்தொட்டி: மேலே தண்ணீர் நிற்பது எப்படி, நிறுத்துவது எப்படி

வாய் கீழே பார்க்கக் கவிழ்த்த கண்ணாடித் தொட்டி. அதன் விளிம்பு கீழ்த்தொட்டித் தண்ணீருக்குள். கீழே இருக்கும் மீன் மேலே ஏறிச் சுற்றிவிட்டு இறங்கும். மேல்தண்ணீரைத் தாங்குவது, கீழ்த்தொட்டியின் நீர்ப்பரப்பை அழுத்தும் வெளிக்காற்று. அந்தக் காற்றால் சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீரைக்கூடத் தாங்க முடியும். நமக்கு வேண்டியது கீழ்த்தொட்டியின் நீர்மட்டத்துக்குமேல் 37 செ.மீ. உச்சியில் அழுத்தம் 4 சதவீதம்கூடக் குறையாது, மீனுக்கு ஒன்றும் ஆகாது.

கீழ்த்தொட்டி 90×45×45 செ.மீ., தண்ணீர் 33 செ.மீ. மேல்தொட்டிக்கு 8 மி.மீ. கண்ணாடி: 30×50 இரண்டு, 28.2×50 இரண்டு, கூரைக்கு 30×30 ஒன்று. நாகர்கோவிலில் எந்தக் கண்ணாடிக் கடையிலும் வெட்டித் தருவார்கள். விளிம்பைத் தேய்த்தே வாங்குங்கள். இங்கே அழுத்தம் வெளியிலிருந்து உள்ளே. அதனால் கூரை நான்கு சுவர்களின்மேல் உட்கார வேண்டும், அகலப் பலகைகள் குறுகியவற்றின் விளிம்பை மூட வேண்டும். பூஞ்சைத் தடுப்பு மருந்து சேராத மீன்தொட்டி சிலிக்கோன் பசையைப் பூசி ஒட்டி, ஒரு வாரம் காய விடுங்கள்.

பலரும் கோட்டை விடுவது மேல்தொட்டியைத் தாங்கும் கால்களில்தான். காற்றே தாங்குகிறது, பிறகென்ன பாரம் என்று நினைப்பது தப்புக்கணக்கு. 37 செ.மீ. உயரத்தில் கூரையை வெளிக்காற்று கூடுதலாக அழுத்துவது சதுர செ.மீ.க்கு 37 கிராம். மொத்தம் 30 கிலோ, அதாவது மேலே நிற்கும் தண்ணீரின் அதே எடை. கண்ணாடியும் சேர்ந்தால் 42 கிலோவுக்குமேல் கால்களில் இறங்கும். 63 மி.மீ. பிவிசி குழாயில் 21 செ.மீ. துண்டு நான்கு, மேல் நுனியில் 1 செ.மீ. ஆழத்துக்கு மூலைக்கேற்ற வெட்டு. ஒவ்வொன்றின் அடியிலும் ரப்பர் ஷீட், அதன்மேல் டைல் துண்டு. குழாயை நேராகக் கண்ணாடித் தரையில் ஊன்றினால் தரை விரிசல் விடும்.

மேல்தொட்டிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்ச வென்சுரி (ஓடும் தண்ணீரின் வேகத்தில் காற்றை இழுக்கும் அமைப்பு) உள்ள பவர்ஹெட், அதாவது தண்ணீருக்குள் ஓடும் சிறு பம்ப் வேண்டும். வாங்கியதும் சோதியுங்கள்: பம்பைத் தொட்டியில் ஓட விட்டு, அதன் காற்றுக்குழாயின் மறுமுனையை, நீர்மட்டம் 40 செ.மீ. தாழ்வாக உள்ள வாளியில் விடுங்கள். வாளித் தண்ணீர் ஏறி வந்தால் பம்ப் போதும். பிறகு அந்த முனையைச் சாய்வாக வெட்டி, மேல்தொட்டியின் வாய் வழியாக உள்ளே ஏற்றிக் கூரையருகே நிறுத்துங்கள். மேலே தண்ணீர் ஏற ஏறக் கீழே குறையும். 10 லிட்டர் வாளியில் மூன்று வாளி ஊற்றி மட்டத்தைக் காப்பாற்றுங்கள். குழாயின் எந்த இணைப்பும் தண்ணீருக்கு வெளியே இருக்கக் கூடாது. அங்கே ஊசித்துளை இருந்தாலும் மின்சாரம் போனதும் காற்று உள்ளே ஏறிவிடும்.

மேலே காற்று சேர்ந்தால் எங்கிருந்து என்று பாருங்கள். வெயில் நேரத்தில் செடியிலும் கண்ணாடியிலும் குமிழி கட்டினால் கவலையில்லை, பம்ப் இழுத்துக்கொள்ளும். அடியிலிருந்து குபுக்கென்று ஏறினால் கீழ்மட்டம் வற்றி விளிம்பைத் தொட்டுவிட்டது. கோழிக்கு வைக்கும் தண்ணீர்ப் பாத்திரம்போல மேல்தண்ணீர் இறங்கித் தானே அடைத்துக்கொள்ளும். கூரைத் தையலில் குமிழி வரிசையாக வந்தால் நிலைமை வேறு: நிற்காது, 30 லிட்டரும் கீழே வரும். அப்போது கீழ்மட்டம் 8 செ.மீ. உயரும். விட்டுவைத்த 12 செ.மீ. இடைவெளி அதற்காகத்தான், அழகுக்காக நிரப்பிவிடாதீர்கள்.

மேல்தண்ணீர் காற்றைத் தொடாததால் ஆக்ஸிஜன் முழுக்கக் கீழ்ப்பரப்பிலிருந்தே வர வேண்டும். பவர்ஹெட்டின் வாயை மேல்நோக்கித் திருப்பி வையுங்கள், ஏர்ஸ்டோனை (காற்றுக் குமிழி விடும் கல்) மேல்தொட்டிக்கு நேர் அடியில் வைக்காதீர்கள். மீன் எண்ணிக்கையைக் கீழ்த்தொட்டிக்கு மட்டும் கணக்கிடுங்கள். கப்பி, மோலி சரிவரும். ஃபைட்டர், கௌராமி, விரால், பனையேறிக் கெண்டை வேண்டாம்: அவை மூச்சுக்கு மேற்பரப்பைத் தேடி உச்சிக்குப் போகும், அங்கே இருப்பது கண்ணாடி.

மணக்குடி, குளச்சல்போலக் கடலோரத்தில் போர் தண்ணீர் உப்புக் கரித்தால் கப்பிகூட மெல்லப் பழக வேண்டும். குழாய்த் தண்ணீரானால் முதலில் குளோரினை நீக்குங்கள். ஆரல்வாய்மொழிபோலப் பலத்த காற்று அடிக்கும் ஊரில் இதை முற்றத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.