டிஸ்பிராக்சியா: நாம் தெரியாமல் செய்யும் தவறுகள்

“நேற்று ஒழுங்காகச் செய்தாயே, இன்று என்ன வந்தது?” என் மகன் சிறுவனாக இருந்தபோது அவனிடம் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். மொரீசியஸில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பவள் நான். என் வீட்டிலேயே ஒரு பிள்ளை தினமும் தோற்றுப்போவதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது. அவனுக்கு டிஸ்பிராக்சியா.

ஒரு செயலுக்குத் தேவையான அசைவுகளைத் திட்டமிட்டு, வரிசைப்படுத்தி, உடலைக் கொண்டு செய்விப்பதில் மூளைக்கு ஏற்படும் சிரமம் இது. மருத்துவத்தில் ‘வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு’ என்பார்கள். இதற்கும் அறிவுத்திறனுக்கும் தொடர்பில்லை. நூறு பிள்ளைகளில் ஐந்து ஆறு பேருக்கு இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். அப்படியானால் ஏறக்குறைய ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் இருக்கிறார். நாம் அவர்களைச் சோம்பேறி என்கிறோம், இங்குள்ள கிரியோல் மொழியில் ‘மாலாத்ருவா’ (கை தடுமாறுபவன்) என்கிறோம், அதோடு விட்டுவிடுகிறோம்.

முதல் வரியில் உள்ள கேள்விதான் தவறுகளில் பெரியது. சட்டைப் பொத்தான் போடுவது நமக்குப் பழகிவிட்டால் அதன்பின் அதை நினைப்பதே இல்லை. டிஸ்பிராக்சியா உள்ள பிள்ளைக்கு அந்தப் பழக்கம் எளிதில் படிவதில்லை. ஒவ்வொரு முறையும் முழுக் கவனத்தையும் கொடுத்தால்தான் விரல்கள் சொன்னபடி கேட்கும். களைப்பு, அவசரம், யாரோ உற்றுப் பார்ப்பது, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் நேற்று முடிந்தது இன்று முடியாது. இதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு நான் கத்தியிருக்கிறேன். பள்ளி பஸ் வரும் நேரத்தில் கத்தக் கத்த அவன் விரல்கள் இன்னும் தடுமாறின. பத்து நிமிடம் முன்னதாக எழுப்பியிருந்தாலே போதும்.

கையெழுத்தைப் பார்த்து அறிவை அளப்பது அடுத்த தவறு. இதில் தமிழாசிரியர்களுக்குத் தனிப் பொறுப்பு உண்டு. ‘கண்’ என்று எழுதும்போது என் மகன் இரண்டு சுழியோடு நின்றுவிடுவான். நோட்டில் சிவப்புக் கோடு விழும். வாயால் சொல்லச் சொன்னால், “மூன்று சுழி ண்” என்று உடனே சொல்வான். அது எழுத்துப்பிழை அல்ல. எண்ணிக்கை தெரிந்தும் கை வழி தவறுகிறது. இங்கே பிள்ளைகள் ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் என்று பல மொழிகளில் எழுதுகிறார்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதிலேயே இப்படிப்பட்ட பிள்ளையின் சக்தி தீர்ந்துவிடும். அச்சிட்ட தாளைக் கொடுங்கள், வாய்மொழியாகக் கேளுங்கள், தட்டச்சைச் சீக்கிரம் கற்றுக்கொடுங்கள். தேர்வில் கூடுதல் நேரம் கேட்க வேண்டுமானால் ஆறாம் வகுப்புத் தேர்வு வரை காத்திருக்காமல் முன்கூட்டியே மருத்துவச் சான்று வாங்க ஏற்பாடு செய்யுங்கள்.

“சித்திரமும் கைப்பழக்கம்” என்று என் மாமியார் சொல்வார். உண்மைதான். ஆனால் தவறான முறையை நூறு தடவை செய்யவைத்தால் தவறுதான் பழகும். கனடாவில் உருவான ஒரு முறையை, அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்யப் போகிறாய், செய், சரியாக வந்ததா பார். இந்த நான்கையும் பிள்ளையே வாய்விட்டுச் சொல்லிச் செய்ய வேண்டும்.

ஒன்பது வயதில் தைப்பூசக் காவடிக்குப் பால்செம்பு சுமந்தவன் வழியிலேயே சிந்திவிட்டான். அபசகுனம் என்று பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்தது அவன் காதில் விழுந்தது. மறு ஆண்டு, விரதம் தொடங்குவதற்கு முன்பே வீட்டு வாசலில் பழகினோம். முதலில் வெறும் செம்பு, பிறகு பாதித் தண்ணீர், பிறகு வாய் கட்டிய செம்போடு வெறுங்காலில் தார் ரோட்டில் நடை. “வலது கை செம்பில், பார்வை முன்னால் போகிறவர் முதுகில்” என்பது அவனே கண்டுபிடித்த திட்டம். கோவில் வரை பால் சிந்தவில்லை. பந்து எறிவது, கயிறு தாண்டுவது என்று பொதுவாகப் பயிற்சி கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது. எந்தச் செயல் வர வேண்டுமோ, அதையேதான் பழக வேண்டும்.

வளர்ந்தால் சரியாகிவிடும் என்று டாக்டரிடம் போகாமல் இருக்காதீர்கள். ஐந்து வயதுக்கு முன் உறுதியாகச் சொல்வது கடினம் என்பது வேறு விஷயம். பலருக்கு இது பெரியவர்களான பிறகும் தொடர்கிறது. அப்போது அதன் முகம் மாறிவிடுகிறது. பொத்தானுக்குப் பதிலாக வெங்காயம் நறுக்குவது, நேரத்துக்குக் கிளம்புவது, புதிய வேலையிடத்தில் வழி மறக்காமல் இருப்பது. இளைஞர்கள் செய்யும் தவறு, இதை மேலாளரிடம் மறைப்பது. என் மகன் முதல் வேலையில் மறைத்தான், மூன்று மாதத்தில் விலகினான். இரண்டாவது இடத்தில் முதல் வாரமே சொன்னான்: “வேலையை வாயால் மட்டும் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள்.” எழுதிக் கொடுத்தார்கள்.

கார் ஓட்டுவதில் பிழை என்னுடையது. எல்லாரையும் போல கியர் வண்டியில்தான் கற்க வேண்டும் என்று வற்புறுத்தினேன். கிளட்ச், கியர், கண்ணாடி, சாலை என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க முடியாமல் பாதியில் விட்டுவிட்டான். பல ஆண்டுகள் கழித்து ஆட்டோமேட்டிக் வண்டியில் தானே போய்க் கற்றுக்கொண்டான். ஓட்டும்போது யாரும் பேசக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் ரோஸ் ஹில்லிலிருந்து போர்ட் லூயி வரை அவன் பக்கத்தில் நான் பேசாமல் உட்கார்ந்து போகிறேன்.