பாய்லர் ஆக்சிஜன் அனலைசர்: காலிபரேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாய்லர் புகைப்பாதையில் இருந்து புகையின் ஆக்சிஜன் அளவைச் சொல்லும் சிர்கோனியா அனலைசர் காட்டும் எண்ணை நம்பித்தான் காற்றைக் கூட்டுகிறோம், குறைக்கிறோம். அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டினால் காற்றைக் குறைத்து, எரிபொருளை அரைகுறையாக எரித்துக் கார்பன் மோனாக்சைடை வரவழைப்போம். குறைத்துக் காட்டினால், வேண்டாத காற்றைச் சூடாக்கிப் புகைபோக்கி வழியே அனுப்பிக்கொண்டிருப்போம்.

காலிபரேஷனில், அதாவது ஆக்சிஜன் அளவு தெரிந்த வாயுவைக் கொடுத்து அனலைசரைச் சரிசெய்வதில், அதிகம் நடக்கும் தவறு, சுத்த நைட்ரஜனைக் கொடுத்து 'ஜீரோ' வைப்பது. அனலைசரில் ஆக்சிஜனை உணரும் பாகமான சிர்கோனியா செல்லுக்கு அது பொருந்தாது. செல்லின் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் ஒப்பிடுவதற்கான காற்று (ரெஃபரன்ஸ் ஏர்); இந்த இரு பக்கத்து ஆக்சிஜன் விகிதத்தின் மடக்கையைப் பொறுத்தே மில்லிவோல்ட் வருகிறது. செல் 736 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது இரண்டு பக்கமும் காற்று என்றால் 0, ஒரு பக்கம் 2 சதவீதம் என்றால் சுமார் 51, 1 சதவீதம் என்றால் சுமார் 66 மில்லிவோல்ட். ஆக்சிஜன் சுழியத்தை நெருங்க நெருங்க மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும், நிற்க இடமில்லை. ஆகவே 0.4 சதவீத ஆக்சிஜனும் மீதி நைட்ரஜனும் கொண்ட, சான்றிதழ் உள்ள சிலிண்டரை லோ கேஸாகவும், 8 சதவீதச் சிலிண்டரை ஹை கேஸாகவும் எடுங்கள். உங்கள் அனலைசரின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி.

இதைவிடக் கெடுதலானது, வாயு லைனில் கசிவைப் பார்க்காமல் அனலைசரைத் திருத்துவது. லோ கேஸ் லைனில் நூற்றில் ஒரு பங்கு வெளிக்காற்று கலந்தாலே 0.4 என்பது 0.6 ஆகிவிடும். அதே கசிவு 8 சதவீத வாயுவை 8.13 ஆக்கும், அவ்வளவுதான். ஆகவே ஹை கேஸ் ஓரளவு ஒத்துப்போய் லோ கேஸ் மட்டும் கூடுதலாகக் காட்டினால், செல்லைச் சந்தேகிக்கும் முன் சோப்பு நுரையை எடுத்து ரெகுலேட்டர் முதல் புரோப் (புகைப்பாதைக்குள் செருகியிருக்கும், செல் உள்ள குழாய்) வரை ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். கசிவோடு காலிபரேட் செய்தால், 0.6-ஐயே 0.4 என்று அனலைசருக்குச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். பிறகு புகையை அளக்கும்போது குறைத்துத்தான் காட்டும். திருத்துவதற்கு முன், வந்த எண்ணை அப்படியே குறித்து வையுங்கள். செல் எவ்வளவு விலகியிருந்தது என்பதற்கு வேறு ஆதாரம் கிடைக்காது.

ஹீட்டர் சூடேறி வெப்பநிலை நிலைபெறும் முன் தொடங்க வேண்டாம். காலிபரேஷன் வாயுவின் ஓட்டமும் முக்கியம். குறைந்தால் புகை கலக்கும், அதிகமானால் செல் குளிரும். பல புரோப்களுக்கு நிமிடத்துக்கு 2.5 லிட்டர் அளவில் போதும்.

ரெஃபரன்ஸ் ஏர் உலர்ந்திருக்க வேண்டும். 20.95 சதவீதம் என்பது உலர்ந்த காற்றின் கணக்கு. 30 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றில் ஆக்சிஜன் சுமார் 20.1 தான். அந்தக் காற்று ரெஃபரன்ஸ் பக்கம் போனால், 3 சதவீதம் இருக்கும் இடத்தில் ஏறக்குறைய 3.13 காட்டும்.

கையில் வைத்துப் பார்க்கும் அனலைசரோடு ஒத்துப்போகவில்லை என்று புரோப்பைத் திருத்துவதும் உண்டு. புரோப் ஈரப் புகையை அளக்கிறது, கைக்கருவி பெரும்பாலும் நீராவியைப் பிரித்த பிறகு அளக்கிறது. புகையில் 10 சதவீத நீராவி இருந்தால் புரோப்பின் 3.0, கைக்கருவியில் 3.3. இரண்டும் சரி.

வேலை முடிந்ததும் காலிபரேஷன் லைனின் மூடியை இறுக்குங்கள். புகைப்பாதையில் அழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருந்தால், திறந்த லைன் வழியே வெளிக்காற்று நேராகச் செல்லுக்கு இழுக்கப்படும்.