மோஜாஜி சைகட்டை விதையிலிருந்து வளர்ப்பது: நான் கோட்டைவிட்ட இடம்

தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில், பலோபெடு மக்களின் மழை அரசி மோஜாஜியின் மலைச்சரிவில் காடாகவே நிற்கும் மரம் இது. சைகட் என்பது பார்க்கப் பனை மாதிரி இருந்தாலும், பூக்காமல் கூம்பில் விதை வைக்கும் மர வகை. 12 மீட்டர் வரை உயரும், பெண் கூம்பு ஒன்றே 30 கிலோவைத் தாண்டும். நம்மூர் மதனகாமப்பூவுக்குத் தூரத்துச் சொந்தம். டர்பனில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இப்போது ஏழு கன்றுகள் இருக்கின்றன.

விதையைப் பெர்மிட் உள்ள நர்சரியில் மட்டும் வாங்கி, தாளைப் பத்திரப்படுத்துங்கள். இங்கே இந்தச் செடியை வைத்திருக்கவே பெர்மிட் வேண்டும்.

முதலில் மேல்சதையை நீக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, கையுறை போட்டுச் சுரண்டுங்கள். விதை விஷம், நாய் இருக்கும் வீட்டில் கவனம்.

அடுத்தது காத்திருப்பது. இங்கேதான் நான் கோட்டைவிட்டேன். சுத்தம் செய்த கையோடு இருபது விதைகளையும் ஊன்றினேன். மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றியதில் அத்தனையும் அழுகின. கடைசியில் ஒன்றை நெடுக்காக வெட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பருப்புக்கு நடுவே சுருண்ட நூல் மாதிரி ஏதோ இருந்தது, கருவைக் காணோம். கூம்பிலிருந்து உதிரும்போது கரு வளர்ந்தே இருக்காதாம்! விதைக்குள் அது முதிர ஆறு மாதமாவது வேண்டும். இரண்டாம் தடவை காகிதப் பையில் போட்டு, நிழலான அலமாரியில் எட்டு மாதம் வைத்தேன். ஒன்றை வெட்டினால் பருப்பின் நீளத்துக்குக் கரு நின்றது. ஒரு விதையைப் பலி கொடுப்பதில் தப்பில்லை.

அப்புறம் எல்லாம் சுலபம். கழுவிய ஆற்று மணலில் விதையைப் படுக்கவைத்துப் பாதி புதையுங்கள். சூடு வேண்டும், 27 டிகிரி சுற்றி. தென்னை நார்த்தூளை நான் தொடுவதில்லை, ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு அழுகவிடும். ஆணிவேர் எட்டிப் பார்த்ததும் ஆழமான பைக்கு மாற்றுங்கள். அகலத் தொட்டி வீண்.

பிற்சேர்க்கை: தண்ணீரில் மிதக்கும் விதையை எறியலாமா என்று இருவர் கேட்டிருந்தீர்கள். மிதப்பது பெரும்பாலும் வெற்று. ஆனால் மூழ்குவதெல்லாம் கருவுற்றது என்று நம்பிவிடாதீர்கள்.

இன்னொருவர், மண்ணுக்கு மேலே பவளக்கொத்து மாதிரி முண்டுமுண்டாக வேர் வருகிறது, நோயா என்றார். வெட்டிவிடாதீர்கள்! அதற்குள் குடியிருக்கும் நீலப்பசும்பாசிதான் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது.

ஆண் கன்று எது, பெண் கன்று எது என்று கேட்டவருக்கு: கூம்பு வைக்கும்வரை தெரியாது. அதற்குப் பல வருடம் ஆகும்.