உபுண்டுவில் ‘ஆப்ட்’ பாதியில் நின்றுவிட்டால்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு பழைய கணினியை வாங்கி, அதில் உபுண்டு போட்டுப் பழகத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏதோ ஒரு மென்பொருள் ஏறாமல் நின்றதும் முழு இயங்குதளத்தையும் அழித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டாம். பெரும்பாலும் ஓரிரு கட்டளைகளிலேயே சரியாகிவிடும். நான் சொல்வது உபுண்டு 24.04க்கு. டெபியன், லினக்ஸ் மின்ட் வைத்திருப்பவர்களுக்கும் ஏறத்தாழ இதேதான்.

கட்டளைகளை ஒலிப்பில் தந்திருக்கிறேன். கன்ட்ரோல், ஆல்ட், டி (T) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் திறக்கும். அதில் எல்லாவற்றையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். ‘சுடோ’ (sudo) என்பது கட்டளையை நிர்வாகி உரிமையோடு இயக்கும். ‘ஆப்ட்’ என்றால் ஏ, பி, டி (apt); மென்பொருள்களை இறக்கி ஏற்றும் நிரல் அது. ‘டிபிகேஜி’ என்றால் டி, பி, கே, ஜி (dpkg); ஆப்ட் இறக்கும் பொதிகளை, அதாவது மென்பொருள் தொகுப்புகளை, கணினியில் அமைக்கும் நிரல் அது.

முதலில் பிழையை வாசியுங்கள்

சுடோ ஆப்ட் அப்டேட்

இதைக் கொடுத்துவிட்டுக் கடைசி வரிகளைப் பாருங்கள். ‘டபிள்யூ’ எழுத்தும் முக்காற்புள்ளியுமாகத் தொடங்குவது வெறும் எச்சரிக்கை. ‘இ’ எழுத்தில் தொடங்குவதுதான் பிழை. எத்தனை வரி ஓடினாலும் முதலாவது ‘இ’ வரியைப் பிடியுங்கள். கீழே வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள்தான்.

‘லொக்’ கிடைக்கவில்லை என்றால்

லொக் என்பது ஒரு நேரத்தில் ஒரு நிரல் மட்டும் பொதிகளில் கைவைக்கும்படி போடப்படும் பூட்டு. வேறொரு நிரல் அந்த நேரத்தில் ஆப்டைப் பயன்படுத்துகிறது என்பதுதான் இதன் பொருள். கணினியைப் போட்ட கொஞ்ச நேரத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் பின்னணியில் தானாக ஏறிக்கொண்டிருக்கும். எந்த நிரல் பிடித்து வைத்திருக்கிறது என்பதும் அதன் எண்ணும் அந்தச் செய்தியிலேயே இருக்கும். ‘அன்அட்டெண்டட்’ என்று தொடங்கும் பெயர் தெரிந்தால் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

லொக் கோப்பை அழித்துவிடு என்று இணையத்தில் பலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் பொதிகளின் பதிவேட்டில் எழுதத் தொடங்கினால் பதிவேடே குழம்பிப் போகும். சின்னப் பிரச்சினை அப்போதுதான் பெரிதாகும்.

இடையில் கரண்ட் போயிருந்தால்

நம்முடைய ஊரில் இது முக்கியமானது. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போதும் யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினி ஒரு நொடி கரண்ட் போனாலும் அணைந்துவிடும். அந்த நேரத்தில் மென்பொருள் ஏறிக்கொண்டிருந்தால் சில பொதிகள் விரிக்கப்பட்டும், அமைக்கப்படாமலும் கிடக்கும். அடுத்த முறை ஆப்ட், ‘டிபிகேஜி இடையில் தடைப்பட்டது’ என்ற பொருளில் ஒரு வரியைக் காட்டும். செய்ய வேண்டிய கட்டளையும் அந்த வரியிலேயே இருக்கும்:

சுடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ

இது விட்டுப்போன பொதிகளை ஒவ்வொன்றாக அமைத்து முடிக்கும். அப்புறம் இதைக் கொடுங்கள்:

சுடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

ஒரு பொதி இயங்கத் தேவையான வேறு பொதி இல்லாவிட்டால் இது அதை இறக்கித் தரும். ஆனால் ‘ஒய்’ அழுத்துவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். நீக்கப்படப்போகும் பொதிகள் ஒரு தனிப் பட்டியலாக வரும். அதில் ‘உபுண்டு-டெஸ்க்டொப்’ போன்ற பெயரோ, நீங்கள் தினமும் பயன்படுத்தும் நிரல்களோ இருந்தால் ‘என்’ அழுத்திவிட்டு, விஷயம் தெரிந்த ஒருவரிடம் அந்தப் பட்டியலைக் காட்டுங்கள்.

இறக்கும்போது தகராறு

‘ரிசால்விங்’ என்ற சொல்லோடு பிழை வந்தால் இணைய இணைப்பையோ டிஎன்எஸ்ஸையோ (தளப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் சேவை) பாருங்கள். ஆப்டில் கோளாறு இல்லை. ‘ஹாஷ் சம்’ பொருந்தவில்லை என்றோ 404 என்றோ வந்தால் ‘சொஃப்ட்வெயர் அண்ட் அப்டேட்ஸ்’ திறந்து, பதிவிறக்கும் இடத்தை ‘மெயின் சேர்வர்’ என மாற்றி, மீண்டும் அப்டேட் கொடுங்கள். சரியாகாமல் 404 தொடர்ந்தால் உங்கள் பதிப்பின் காலம் முடிந்திருக்கலாம். எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுள்ள பதிப்பு) அல்லாத உபுண்டு பதிப்புகளுக்கு 9 மாத ஆதரவுதான். புதியவர்கள் எல்டிஎஸ்ஸை விட்டு வெளியே போகாமலிருப்பதே நல்லது.

கோப்பு ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்ற பொருளில் ஒரு பிழை வந்தால் கணினியின் மணிக்கூட்டைப் பாருங்கள். தேதி பின்னால் போயிருக்கும். பழைய மேசைக் கணினிகளில் மதர்போர்டிலுள்ள சிஆர் 2032 பட்டன் பற்றரி தீர்ந்தால் கரண்ட் போகும்போதெல்லாம் இப்படி ஆகும். தேதியைத் திருத்தினால் ஆப்ட் உடனே வேலை செய்யும். பற்றரியை மாற்றினால் திரும்ப வராது.

இரவு நேர டேட்டா அதிகமுள்ள பெக்கேஜ் வைத்திருப்பவர்களுக்கு இது உதவும்:

சுடோ ஆப்ட் அப்கிரேட் --டவுன்லோட்-ஒன்லி

இரவில் இறக்கி மட்டும் வைக்கும், எதையும் ஏற்றாது. காலையில் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு அதே கட்டளையைக் கொடுத்தால் இறக்கியவற்றை எடுத்து ஏற்றிக்கொள்ளும். இடையில் இணைப்பு அறுந்தாலும் பயமில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இடம் போதவில்லை என்றால்

‘டிஎஃப் -எச்’ (df -h) கொடுத்து எது நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். ‘பூட்’ என்ற பிரிவு 100% ஆகியிருந்தால் பழைய கேர்னல்கள் (இயங்குதளத்தின் மையப் பகுதியின் பழைய பதிப்புகள்) சேர்ந்திருக்கின்றன. ‘சுடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்’ அவற்றை நீக்கும். மற்ற இடம் நிரம்பியிருந்தால் ‘சுடோ ஆப்ட் கிளீன்’ கொடுங்கள். இரவில் இறக்கி வைத்ததை ஏற்றிய பிறகு மட்டும் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் அந்தக் கோப்புகளையும் இது அழித்துவிடும்.